கால் மடித்துக் குதித்த தவளை

எல்லா உயிர்களுக்கும் பேச்சு வந்த காலம் ஒன்று இருந்தது. அதுதான் தொல்லையே. யாருக்கும் வாயை மூடத் தெரியவில்லை.

அந்தக் காலத்தில் தவளையின் கால்கள் கொக்கின் கால்களைப் போல நீண்டு நேராக இருந்தன. நிமிர்ந்துதான் நடப்பாள். ஒரு குன்றின் சுனைக்கரையில் அவளும் அவள் புருஷனும் குடியிருந்தார்கள்.

"முட்டையைச் சுனையில விட்டா விரால் மீன் தின்னுடும். மேல பாறைக்குழியில மழைத்தண்ணி நிக்குது பாரு, அங்க விடு" என்றான் புருஷன். நல்ல யோசனைதான். வெயில் என்று ஒன்று இருப்பதை மட்டும் அந்த மகராசன் மறந்துவிட்டான்.

முட்டை பொரிந்து தலைப்பிரட்டைகள் நீந்தத் தொடங்கும்போது சித்திரை வந்துவிட்டது. குழியில் தண்ணீர் வற்றிக்கொண்டே போனது. தவளை வாயில் தண்ணீர் மொண்டு போய் ஊற்றினாள். கொதிக்கும் பாறை அதை அப்படியே குடித்துவிட்டது. குஞ்சுகள் சேற்றில் கிடந்து வாலை அடித்தன.

"என்னங்க, ஏதாச்சும் செய்யுங்க!"

"மழை வரும்" என்று சொல்லிவிட்டு, அவன் வானத்தைப் பார்த்துப் பாட உட்கார்ந்தான்.

அவனை நம்பினால் பிள்ளைகள் பிழைக்காது. உயரத்திலிருந்து சுனையில் குதித்தால் தண்ணீர் மேலே தெறித்துக் குழியில் விழும் என்று அவளுக்குத் தோன்றியது. குதிக்க ஏறினாளோ இல்லையோ, கூட்டம் கூடிவிட்டது.

"காலை நீட்டி, உடம்பை ஊசி மாதிரி வெச்சுக் குதிம்மா. அதுதான் லட்சணம்" என்றது கொக்கு.

அப்படியே குதித்தாள். தண்ணீர் அவளை வாங்கிக்கொண்டு சத்தமில்லாமல் மூடிக்கொண்டது.

"ஆஹா! ஒரு சொட்டுகூடத் தெறிக்கலையே!" என்று கொக்கு மெச்சியது.

"தெறிக்கணும்னுதானே அண்ணே குதிக்கிறேன்!"

"அவன் கிடக்கான்" என்றது கழுத்தளவு தண்ணீரில் கிடந்த எருமை. "நான் சொல்றதக் கேளு. கையையும் காலையும் பரப்பி, வயிறு அடிபட விழு."

விழுந்தாள். அறைந்த சத்தம் குன்று முழுக்கக் கேட்டது. தண்ணீர் பக்கவாட்டில் சிதறி எருமையின் முகத்தைக் கழுவியதோடு சரி, மேலே ஏறவில்லை. தவளையின் வயிறு வெளுத்துப் போனதும் அன்றைக்குத்தான் என்பார்கள்.

"கையை இன்னும் அகட்டியிருக்கணும்" என்றது எருமை. "தலை கோணிப்போச்சு" என்றது கொக்கு. புருஷன் பாட்டை நிறுத்திவிட்டு, "நான் அப்பவே சொன்னேன்" என்றான். எப்போது, எதைச் சொன்னான் என்று அவனுக்கே தெரியாது.

தவளைக்குப் பொறுக்கவில்லை. "போதும்! ஆளாளுக்கு நாட்டாமை! சாகுறது உங்க பிள்ளையா?" என்று கத்தினாள். தொண்டை வீங்கியது, கண்கள் பிதுங்கின. பாறை விளிம்பில் பொத்தென்று உட்கார்ந்து, முழங்கால்களை நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு அழுதாள்.

அங்கே பாசி இருந்தது. கட்டிய காலைப் பிரிக்க நேரமில்லாமல் அப்படியே சறுக்கிச் சுனையில் விழுந்தாள்.

தண்ணீர் விலகிப் பள்ளமானது. அந்தப் பள்ளம் மூடியபோது நடுவிலிருந்து ஒரு தூண் போலத் தண்ணீர் எழும்பிப் பாறைக்கு மேலே போய், குழிக்குள் கொட்டியது. சேற்றில் சாய்ந்து கிடந்த குஞ்சு ஒன்று நிமிர்ந்து நீந்தியது.

தவளை மறுபடி ஏறினாள். மறுபடி காலை மடித்தாள்.

"வேண்டாம்மா" என்றது கொக்கு. "ஓயாம மடக்கினா கால் அப்படியே நின்னுடும். அப்புறம் நிமிர்ந்து நடக்க முடியாது."

கொக்கு சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை. தவளை தன் நீண்ட கால்களை ஒரு தரம் பார்த்தாள். பிறகு குழியைப் பார்த்தாள். குதித்தாள்.

மழை வரும்வரை குதித்துக்கொண்டே இருந்தாள். மழை வந்தபோது பிள்ளைகளுக்குக் கை கால் முளைத்திருந்தது; ஒவ்வொன்றாகக் குழியை விட்டுத் தத்திப் போயின. அவள் எழுந்து நிற்கப் பார்த்தாள். கால் நிமிரவில்லை. கொஞ்ச நேரம் அழுதாள்.

அதற்குள் கூட்டம் வந்துவிட்டது. "என் பாட்டுக்குத்தான் மழை வந்தது" என்றான் புருஷன். "குதிக்கக் கத்துக்கொடுத்ததே நான்தான்" என்றது கொக்கு. எருமை தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "எல்லாம் சரி, ஆனாலும் நீ இன்னும் கொஞ்சம்..." என்று ஆரம்பித்தது.

தவளை மிச்சத்தைக் கேட்கவில்லை. அவள் சுனையில் குதித்த இடத்தில் தண்ணீர்தான் எழும்பியது.

தண்ணீர் உயரத் தெறிக்க வேண்டுமென்றால் முழங்காலைக் கட்டிக்கொண்டு குதிக்க வேண்டும் என்று கிணற்றில் குதிக்கும் பிள்ளைகள் கற்றது அவளிடம்தான். தவளை காலை மடித்தே உட்காருவதும் அன்று முதல்தான். நாம் சும்மா அந்தப் பக்கம் போனாலும், அடுத்த ஆள் யோசனை சொல்ல வந்துவிட்டான் என்று எண்ணி, நாம் வாய் திறக்கும் முன்பே தண்ணீரில் குதித்துவிடுகிறது.