பால் சங்கத்துக் கம்ப்யூட்டருக்கு வரன் பார்த்தது

மந்தம்பாளையம் எங்கே இருக்கிறது என்று என்னைக் கேட்காதீர்கள். அந்த ஊர்க்காரர்களுக்கே சரியாகத் தெரியாது. கண்டக்டர் இறக்கிவிடுகிற இடத்தில் இறங்கி, அதுதான் நம் ஊர் என்று நம்பி நடக்கிறவர்கள். தங்கமான மனிதர்கள். யார் எதைச் சொன்னாலும் தட்டாமல் செய்துவிடுவார்கள். அவர்களுக்கு வந்த தொல்லையெல்லாம் அதனால் வந்ததுதான்.

ஊரில் ஒரு பால் சங்கம் உண்டு. சங்கத்து மேசைமேல் ஒரு கம்ப்யூட்டர், செயலாளர் திருமூர்த்தியின் சட்டைப் பையில் ஒரு செல்போன். பால் கணக்கு கம்ப்யூட்டரில் ஏறும். பால் லாரியைப் போனில் கூப்பிட வேண்டும். முக்கு ரோட்டுக்கு வந்ததும் டிரைவர் போன் அடிப்பார்; இங்கிருந்து பதில் வந்தால்தான் லாரி ஊருக்குள் திரும்பும்.

ஒரு நாள் பெரிய ஆபீஸிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். கம்ப்யூட்டரைப் பார்த்தார், போனைப் பார்த்தார், முகத்தைச் சுளித்தார்.

"அதுக்கு ஒரு சிஸ்டம், இதுக்கு ஒரு சிஸ்டமா? அதுல இருக்கறது இதுக்குத் தெரியல, இதுல இருக்கறது அதுக்குத் தெரியல. முதல்ல ரெண்டையும் ஒண்ணாக்குங்க. வெள்ளிக்கிழமை வந்து பார்ப்பேன். ஆகலைன்னா உங்க ஊருக்கு லாரி கிடையாது."

சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். ஊர் ஆடிப்போயிற்று. எருமை வளர்த்துப் பிழைக்கிற பொன்னாத்தா சங்க வாசலிலேயே உட்கார்ந்து அழுதாள். அவள் வீட்டில் உலை வைப்பதே அந்த லாரியை நம்பித்தான்.

சங்கத் தலைவர் நாச்சிமுத்து தோள் துண்டை உதறிப் போட்டுக்கொண்டார்.

"அழுவாதே பொன்னாத்தா. ரெண்டை ஒண்ணாக்கறது நமக்குப் புதுசா? அரசமரத்துக்கும் வேப்பமரத்துக்கும் கண்ணாலம் பண்ணுனோம், ஒண்ணாயிருச்சு. மேலத்தெருவும் கீழத்தெருவும் அடிச்சுக்கிட்டப்ப மேலத்தெருப் பையனுக்குக் கீழத்தெருப் புள்ளையக் கட்டி வெச்சோம், ஒண்ணாயிருச்சு. இதுக்கும் அதேதான்."

இப்போது அந்த இரண்டு தெருவும் அந்த ஒரு வீட்டுக்குள் நின்று அடித்துக்கொள்கின்றன. அது வேறு விஷயம்.

கல்யாணம் முடிவாயிற்று. யார் மாப்பிள்ளை, யார் பெண் என்பதில்தான் சிக்கல் வந்தது.

"பெருசா இருக்கறது கம்ப்யூட்டருங்க. அதுதான் மாப்பிள்ளை" என்றார் நாச்சிமுத்து.

"அதெப்படிங்க? போன் காடுமேடெல்லாம் சுத்துது. கண்ட நேரத்துல கத்துது. கம்ப்யூட்டர் என்னிக்காவது வாசப்படி தாண்டியிருக்குதுங்களா? அடக்க ஒடுக்கமா, தலையில துணியப் போத்திக்கிட்டு உக்காந்திருக்குது. அதுதானுங்க பொண்ணு" என்றார் திருமூர்த்தி.

கூட்டம் அசந்துபோயிற்று. இவ்வளவு நாள் கண்முன்னால் இருந்தும் யாருக்கும் தோன்றவில்லையே!

அடுத்து பொருத்தம் பார்த்தார்கள்.

"மாப்பிள்ளை தொட்டாலே பேசறான். பொண்ணு, மவுஸப் புடிச்சு நகத்துனாத்தான் அசையறா."

"கரண்டு போனா பொண்ணு மயங்கி விழுந்தர்றா. மாப்பிள்ளை தெம்பா இருக்கறான்."

"நல்லதாப் போச்சு. ஒருத்தர் மயங்குனா இன்னொருத்தர் பாத்துக்குவாங்கல்ல."

பொருத்தம் அமோகம் என்று முடிவு செய்தார்கள். ஆனால் கல்யாணத்துக்குப் பிறகு யார் யார் வீட்டுக்குப் போவது? பையன் கட்சியில் திருமூர்த்தி ஒற்றைக் காலில் நின்றார்.

"எங்க பையன் சட்டைப் பையில வளந்தவன். வீட்டோட மாப்பிள்ளையா மேசையில வந்து உக்கார மாட்டான். பொண்ணுதானுங்க பைக்கு வரோணும்."

"எங்க பொண்ணு எப்படிங்க உங்க பைக்குள்ள குடித்தனம் பண்ணும்?" என்று நாச்சிமுத்து எகிறினார்.

"பெருசு சின்னதுக்குள்ள போறதா, சின்னது பெருசுக்குள்ள போறதான்னு சீமையில படிச்சவங்களே சண்டை போடறாங்களாமா. பையப் பெருசாத் தெச்சுட்டாப் போகுது" என்றாள் பொன்னாத்தா. அழுதுகொண்டே சொன்னாலும் கெட்டிக்காரி என்று ஊரே மெச்சியது.

தையல்காரர் வந்தார். கம்ப்யூட்டரை அளந்துகொள்ளச் சொன்னார்கள். மேசைமேல் இருந்ததால் மேசையோடு சேர்த்தே அளந்துகொண்டு போனார். மறுநாள் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்ட திருமூர்த்தி, மேசையும் கம்ப்யூட்டரும் பைக்குள் இருக்க, உட்காரவும் முடியாமல் நடக்கவும் முடியாமல் அங்கேயே நின்றார். சாப்பாட்டை ஊட்டிவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை காலை முகூர்த்தம். கறந்த பாலெல்லாம் கேன் கேனாக வாசலில் இருந்தது. கீபோர்டில் ஓர் எழுத்து விடாமல் மஞ்சள் பூசியாயிற்று. கல்யாணம் நடத்திவைக்கிற அருமைக்காரர் தாலியைக் கையில் எடுத்த நேரத்தில் போன் அடித்தது. லாரி டிரைவர்.

"எடுங்க, லாரிக்காரரு!" என்று பொன்னாத்தா ஓடிவந்தாள்.

நாச்சிமுத்து கையை நீட்டி மறித்தார். "மணவறையில உக்காந்த மாப்பிள்ளை போன் பேசுவானா? பொண்ணு வூட்டுக்காரங்க என்ன நெனைப்பாங்க?"

"பொண்ணு வூட்டுக்காரரு நீங்கதானுங்களே?"

"அதனாலதான் சொல்றேன். நான் தப்பா நெனைச்சுக்குவேன்."

போன் அடித்து அடித்து ஓய்ந்தது. மேளம் முழங்கியது. கம்ப்யூட்டர் திரையைச் சுற்றி மூன்று முடிச்சு விழுந்தது. முக்கு ரோட்டில் நின்ற லாரி, பதில் வராததால் பக்கத்து ஊருக்குத் திரும்பிப் போயிற்று.

"ஐயோ, என் பாலு! வெயில் ஏறுனா அத்தனையும் திரிஞ்சு போயிருமே!" என்று பொன்னாத்தா தலையில் கைவைத்துக்கொண்டாள். அவளைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது.

"எதுக்குத் திரியுது? தாலி கட்டியாச்சு. அடுத்தது பொண்ணு மாப்பிள்ளைக்குப் பாலும் பழமும்தானே?" என்றார் அருமைக்காரர்.

ஊருக்கே அப்போதுதான் நினைவு வந்தது. ஆளாளுக்கு ஒரு சொம்பு மொண்டு, பழத்தைப் பிசைந்து, பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் வயிறாரக் கொடுத்தார்கள். பெண் ஒருமுறை 'டப்' என்றது. மாப்பிள்ளை ஒருமுறை வெளிச்சம் காட்டினான். பிறகு இருவரும் அசையவில்லை. நாணம் என்றார்கள்.

அந்த நேரம் பார்த்து ஜீப் வந்து நின்றது.

"என்னய்யா, ரெண்டையும் ஒண்ணாக்கியாச்சா?"

"ஆச்சுங்க!" என்றார் நாச்சிமுத்து பெருமையாக. "நேத்து வரைக்கும் அதுக்கு ஒரு குணம், இதுக்கு ஒரு குணமுங்க. இப்ப அது எப்படியோ இதுவும் அப்படியே. ஒரு துளி வித்தியாசம் இல்லீங்க."

அதிகாரி இரண்டையும் தட்டிப்பார்த்தார். "இனி லாரியை எதுலய்யா கூப்பிடுவீங்க?"

"ஒரு பத்து மாசம் பொறுத்துக்குங்க சாமி" என்றார் திருமூர்த்தி, பைக்குள்ளிருந்த மேசையைத் தடவியபடி. "பொறக்கறது ரெண்டு பேரு வேலையையும் பாத்துக்கும்."

நடந்ததை ஆபீஸுக்கு எழுதி அனுப்ப, அதிகாரி தன் தோள்பையிலிருந்து ஒரு டேப்லெட்டை எடுத்தார். போனைவிடப் பெரிசு, கம்ப்யூட்டரைவிடச் சின்னது. விரல் பட்டதும் பளிச்சென்று விழித்துக்கொண்டது.

ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது.

"அம்மா மாதிரியே அகலமான மூஞ்சி" என்றார் நாச்சிமுத்து.

"தொட்டதும் முழிக்கறது அப்பனாட்டம்" என்றார் திருமூர்த்தி.

பொன்னாத்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். இனி லாரி வந்துவிடும். "புள்ளை பசியோட இருக்குமே!" என்று சொல்லிக்கொண்டே, பச்சைக் குழந்தைக்குப் புகட்டுகிற பாலாடையில் கேனிலிருந்து பால் மொண்டுகொண்டு அதிகாரியிடம் ஓடினாள்.