ஒழுகாத வாளி

முன்பு சேலத்தில், ஒரு மாடி வீட்டு பால்கனியில், ஒரு பெயிண்ட் வாளி இருந்தது. சுவர் அடித்து முடித்ததும் மற்ற வாளிகளெல்லாம் குப்பைக்குப் போக, இது மட்டும் அந்த வீட்டுத் தமயந்தி கண்ணில் பட்டுத் தப்பியது. அவள் அதில் மண் நிரப்பி, ஒரு பட்டர் ஃப்ரூட் கன்றை நட்டாள். ஏற்காட்டில் வாங்கி, சர்க்கரை போட்டுத் தின்ற பழத்தின் கொட்டை. டம்ளர் தண்ணீரில் பல்குச்சி குத்தி நிறுத்தி, அவளே முளைக்க வைத்தது.

வாளியின் அடியில் அவள் ஓட்டை போடவில்லை. போட்டால் கீழ்வீட்டுக் கலாவதியக்காவின் துணிக்கொடியில் சொட்டும். அப்புறம் அந்த அக்கா வாயை யார் அடைப்பது?

வாளிக்கு அதில் தாங்க முடியாத பெருமை. "ஒரு சொட்டு வெளிய விடமாட்டேன், பாத்துக்க!" என்று பக்கத்துத் துளசித் தொட்டியிடம் பீற்றிக்கொள்ளும். செடிக்கு ஊற்றுகிற சொம்பும் சும்மா இருக்காது. தினமும் அரிசி களைந்த தண்ணீரோடு வந்து, "குடி ராசா, குடி!" என்று கவிழ்த்துவிட்டுப் போகும்.

ஆடி முடிவதற்குள் இலைகள் மஞ்சளாகித் தொங்கிவிட்டன. தமயந்தி பதறிப்போனாள். "அய்யோ பாவம், தாகம் போல" என்று இன்னும் ஒரு சொம்பு சேர்த்து ஊற்றினாள்.

அன்றைக்குத்தான் கன்று வாய் திறந்தது.

"வாளியண்ணே, மூச்சு முட்டுது."

"உனக்கு என்னடா கொறச்சல்? தண்ணி ததும்புது."

"அதான் முட்டுது. அடியில என் வேரெல்லாம் அழுகுது. கொஞ்சம் வெளிய விடுண்ணே."

வாளிக்குச் சுருக்கென்றது. "ஒழுகுற வாளிய எங்க போடுவாங்கன்னு தெரியுமா? என் கூடப் பொறந்ததுங்க எல்லாம் அங்கதான் கெடக்குது."

கன்று, "சரிண்ணே. நான் எப்படியும் சாகமாட்டேன். இன்னும் ஒரு வேர் இருக்கு, அதை வச்சுக்கிட்டு நிப்பேன்" என்றது.

வாளி அந்த வேரைத் தேடியது. ஒரு வெள்ளை நூல் மாதிரி, அதன் சுவரையே பிடித்துக்கொண்டிருந்தது. வாளிக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் வெயில் படட்டும் என்று தமயந்தி வாளியை இழுத்தாள். நடுவில் ஒரு படி. வழக்கமாக வாளி பார்த்துப் பார்த்து மெல்ல இறங்கும். அன்று தன் முழுக் கனத்தையும் கொடுத்து, படியின் விளிம்பில் டம்மென்று உட்கார்ந்தது. அடி பிளந்தது.

கறுப்பாகக் கொட்டியது தண்ணீர். ஒரே நாற்றம். கீழேயிருந்து கலாவதியக்கா, "யாருடி மேல? வெள்ளைப் பொடவைடி!" என்று அலறினாள்.

தமயந்தி மூக்கைப் பொத்திக்கொண்டு கன்றைப் பார்த்தாள். "இந்தச் சாக்கடையிலயாடா நின்னுக்கிட்டிருந்தே?" கண் கலங்கிவிட்டது. ஆனால் அழுதுகொண்டே நிற்கிற ஆள் இல்லை அவள். கீழே ஓடி, புடவையை வாங்கித் தானே துவைத்துக் கொடுத்தாள். மேலே வந்து, கன்றைப் பிடுங்கி, அழுகிய வேரை நறுக்கி எறிந்தாள். அப்புறம் வெறும் வாளியைக் கையில் எடுத்தாள்.

"போச்சு, உன் கதை முடிஞ்சுது" என்றது சொம்பு.

"முடியட்டும்" என்று வாளி கண்ணை மூடிக்கொண்டது.

அவள் அதைத் தூக்கிக்கொண்டு குப்பைக்குப் போகவில்லை, அடுப்படிக்குப் போனாள். கம்பியைக் காய்ச்சி, அடியில் வரிசையாகப் பொசுக்கென்று பொசுக்கென்று ஓட்டை போட்டாள். வாளி பல்லைக் கடித்துத் தாங்கிக்கொண்டது. மணல் கலந்த மண்ணில் கன்று மறுபடி ஏறியது. சொட்டுகிற தண்ணீருக்குக் கீழே ஒரு பழைய தட்டு வந்தது. இப்போதெல்லாம் மண்ணில் விரலை விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால்தான் சொம்புக்கு வேலை.

வருஷங்கள் போயின. அடுத்த முறை வீட்டுக்கு வெள்ளையடித்தபோது, ஒரு புது வாளி பளபளவென்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. பழைய வாளியை எட்டிப் பார்த்துச் சிரித்தது.

"என்னண்ணே, அடியெல்லாம் ஓட்டை? உன்னால ஒரு சொட்டுகூட வச்சுக்க முடியாதே! அப்புறம் உன்கிட்ட என்னதான் இருக்கு?"

"மேல பாரு" என்றது வாளி.

புது வாளி நிமிர்ந்து பார்த்தது. இலைகளுக்கு அந்தப் பக்கம் வானம் தெரியவில்லை.