நாலாவது விடை

மூன்றாவது முறையும் பெர்னதெத் தோற்றுப்போனார்.

செய்தி குணசீலனின் லேப்டாப்பில் வந்து நின்றது. மொத்தம் நாற்பது கேள்வி. முப்பத்தொன்பதுக்குச் சரியான விடை. ஏழாம் கேள்வி மட்டும் தப்பு. அது கட்டாயக் கேள்வி, அதில் மூன்று முறை தவறினால் பாடம் தானாகப் பூட்டிக்கொள்ளும். பூட்டிக்கொண்டது.

குணசீலனுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிறகு சங்கடமாகிவிட்டது. அந்தப் பாடங்களில் இருந்த விஷயம் அத்தனையும் அவருக்குச் சொல்லிக்கொடுத்ததே பெர்னதெத்தான்.

வயதைப் பார்த்தால் யார் யாருக்குக் குரு என்று மற்றவர்களுக்குக் குழப்பம் வரும். குணசீலனுக்கு ஐம்பத்தேழு, அந்த அம்மாளுக்கு நாற்பத்திரண்டு. குணசீலனுக்கு மட்டும் அந்தக் குழப்பம் வந்ததே இல்லை. இரண்டு வருஷமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் நோட்டுப் புத்தகத்தோடு போய் உட்கார்ந்து கேட்டார். டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்.

கேட்டது இதுதான். பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிப்பதாக நாடுகள் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்துப் போட்டிருக்கின்றன. போட்டால் போதாது. சொன்னதைச் செய்தோமா என்று சில வருஷத்துக்கு ஒருமுறை ஒரு குழுவின் முன்னால் அறிக்கை வைக்க வேண்டும். அரசு தன் அறிக்கையை வைக்கும். அரசு சொல்லாமல் விட்டதை அமைப்புகள் தனியாக எழுதி வைக்கும், அதற்கு நிழல் அறிக்கை என்று பெயர். டீச்சர் பன்னிரண்டு வருஷமாக அந்த நிழலில் வேலை செய்கிறவர்.

குணசீலன் ஒரு வளர்ச்சி நிறுவனத்தில் பயிற்சிப் பிரிவுக்குத் தலைவர். களப்பணியாளர்கள் இந்த அறிக்கைகளுக்குத் தகவல் திரட்டுவது எப்படி என்று பதினொரு பாடங்களில் இணையவழிப் பயிற்சி ஒன்றை உண்டாக்கியிருந்தார். திங்கட்கிழமை நானூற்று இருபது பேர் படிக்கத் தொடங்குவார்கள். அடுத்த மாதம் அவருக்கு ஓய்வு. போகும்போது உருப்படியாக ஒன்றைச் செய்துவிட்டுப் போகிறோம் என்ற நிறைவு அவருக்கு இருந்தது. டீச்சர் ஒருமுறை படித்து, தேர்வையும் எழுதிப் பார்த்து, சரி என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், அதுதான் பாக்கி.

வெள்ளிக்கிழமை காலை டீச்சரின் வீட்டுக்குப் போனார்.

"டீச்சர், நீங்க ஃபெயில்" என்றார் சிரித்துக்கொண்டே.

"பாத்தேன்."

"கை தவறி அமுக்கிட்டீங்களா?"

"மூணு தடவையுமா கை தவறும்?"

குணசீலன் லேப்டாப்பைத் திறந்து ஏழாம் கேள்வியைக் காட்டினார். அவருக்கு அந்தக் கேள்வியின் மேல் தனிப் பாசம். அது கற்பனையாகக் கட்டிய உதாரணம் இல்லை. அவர் மாவட்ட ஒருங்கிணைப்பாளராக இருந்தபோது ஓர் உப்பளத்தில் பெண் தொழிலாளர்களுக்காக வைத்த புகார்ப் பெட்டி. முதல் வருஷம் பதினான்கு புகார்கள் வந்தன. இரண்டாம் வருஷம் ஒன்றும் இல்லை. மூன்றாம் வருஷமும் இல்லை. 'தொல்லைகள் முற்றிலும் நின்றுவிட்டன' என்று அவர் எழுதிய வரி, இப்போது தயாராகும் அரசு அறிக்கையின் வரைவில் ஏறியிருந்தது. அந்தப் பெட்டியை முன்மாதிரியாகக் கொண்டு மற்ற அளங்களிலும் வைக்கப்போவதாகப் பேச்சு.

இந்த எண்களைப் பார்த்து என்ன முடிவுக்கு வருவீர்கள் என்பது கேள்வி. அதற்கு நாலு விடைகள், முதலாவதுதான் சரி என்று வைத்திருந்தார். தொல்லைகள் நின்றுவிட்டன. தொல்லைகள் கூடிவிட்டன. பெட்டி இருப்பது பெண்களுக்குத் தெரியவில்லை. நாலாவதாக ஒன்று வேண்டுமே என்று யோசித்து, ஒன்றும் தோன்றாமல், 'எழுத ஆள் இல்லை' என்று போட்டு வைத்திருந்தார். கேள்வித்தாள் தயாரிக்கிறவர்கள் எல்லோரும் செய்கிற வேலைதான். நாலாவது விடை பெரும்பாலும் இலைக்கு ஓரத்தில் வைக்கிற உப்பு.

டீச்சர் மூன்று முறையும் அந்த நாலாவதைத்தான் அமுக்கியிருந்தார்.

"இது சும்மா இடத்தை நிரப்பப் போட்டது டீச்சர்."

"அப்படியா" என்றார் டீச்சர். "அந்த அளத்துக்கு நீங்க போயிருக்கீங்களா?"

குணசீலன் சற்றுத் தயங்கினார். "திறப்பு விழாவுக்குப் போகணும்னு இருந்தேன். அன்னைக்குன்னு கலெக்டர் ஆபீஸ்ல கூட்டம். அப்புறம் மாசாமாசம் டிரைவர் போய்ப் பெட்டியைத் திறந்து எடுத்துட்டு வந்துடுவார்."

"வாங்க, போய்ட்டு வருவோம்."

"இப்பவா?"

"பன்னெண்டு மணிக்கு வேலை முடியும். இப்பக் கெளம்புனா சரியா இருக்கும்."

அளத்துக்குள் டீச்சர் போகவில்லை. வெளியே சாலையோரத்தில் ஒரு தண்ணீர்க் குழாய் இருந்தது, அங்கேயே காரை நிறுத்தச் சொன்னார். "உள்ள போய் நாம பேசினா, யார்கூடப் பேசினோம்னு கங்காணி பாத்து வச்சுக்குவான்" என்றார். குணசீலனின் பாடத்திலும் இது ஐந்தாம் பாடமாக இருந்தது. எழுதிய அவருக்கே அது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

வெயில் உப்பின் மேல் பட்டுக் கண்ணைக் கூச வைத்தது. பெண்கள் ஒவ்வொருவராக வந்து காலைக் கழுவினார்கள். டீச்சரைப் பார்த்ததும் ஒரு அம்மாள் சிரித்தாள். பெயர் பேச்சியம்மா, முப்பது வருஷமாக உப்புச் சுமக்கிறவள்.

"இவரு எங்க ஆளு" என்றார் டீச்சர். "நீங்க கேளுங்க சார்."

குணசீலன் கேட்டார். "இங்க புகார்ப் பெட்டி இருக்காம்மா?"

"இருக்கே. அந்தா, எடை போடுற கொட்டகையில தொங்குது."

"நீங்க எழுதிப் போட்டிருக்கீங்களா?"

"எனக்கு எங்கய்யா எழுதத் தெரியும்? சந்தனமாரின்னு ஒரு புள்ள எங்ககூட வேல பாத்துச்சு. பன்னெண்டாவது படிச்சவ. கஞ்சி குடிக்கிற நேரம் ஒவ்வொருத்தியாப் போயி அவகிட்ட சொல்லுவோம். அவ எழுதித் தருவா. நாங்க கீழ கைநாட்டு வச்சுப் பெட்டியில போட்டுருவோம்."

"என்ன சொன்னீங்க?"

"ஒதுங்குறதுக்கு ஒரு மறைப்புக் கெடையாது. அதுக்குப் பயந்து இந்த வெயில்ல தண்ணி குடிக்காமக் கெடப்போம். அது ஒண்ணு. கூடையத் தூக்கிவிடுற சாக்குல கங்காணி மேல கை போடுவான். அது ஒண்ணு. பதினாலு பேரும் அதத்தான் சொன்னோம்."

அந்தப் பதினான்கு சீட்டுகளும் குணசீலனுக்கு நன்றாக ஞாபகம் இருந்தன. எல்லாம் ஒரே கையெழுத்து. யாரோ ஒருத்தி உட்கார்ந்து பதினான்கு பேர் சொன்னதாக ஜோடித்திருக்கிறாள் என்று அன்றைக்கு நினைத்தார். ஒவ்வொரு சீட்டின் அடியிலும் நீலமாக ஒரு கறை இருந்தது. மை சிந்தியிருக்கிறது என்று விட்டுவிட்டார்.

"கைநாட்டுன்னா ரேகை தெரியுமே" என்றார், தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல.

பேச்சியம்மா பெருவிரலை நீட்டினாள். வெளுத்து, வெடித்து, வழவழவென்று இருந்தது. "உப்பு எல்லாத்தையும் தின்னுட்டு. ரேசன் கடை மிசின்ல வச்சா, அப்படி ஒரு ஆளே இல்லங்குது" என்று சொல்லிச் சிரித்தாள்.

"அந்தப் பொண்ணு இப்ப எங்கம்மா?"

"ஆபீசுலேருந்து இங்க ஒரு காயிதம் வந்துச்சு. எல்லாம் ஒரே கையெழுத்தா இருக்கு, யாருன்னு விசாரிங்கன்னு. சீட்டையும் சேத்து அனுப்பிட்டாக. இந்த அளத்துல எழுதத் தெரிஞ்சவ அவ ஒருத்திதான. மறுநாளே கங்காணி அவள வர வேண்டாம்னுட்டான். பக்கத்து அளத்துலயும் சேக்கல."

அந்தக் கடிதம் குணசீலன் எழுதியது. நல்ல எண்ணத்தோடுதான் எழுதினார். பொய்ப் புகாரால் பெட்டியின் பெயர் கெட்டுவிடக் கூடாதே என்ற கவலை. கடிதத்தில் அப்படித்தான் ஒரு வரிகூட எழுதியிருந்தார்.

"அதுக்கப்புறம் நீங்க யாரும் எதுவும் போடலையா?"

"போடாம? எழுத ஆளில்லன்னா வாய மூடிட்டா இருப்போம்? வெறுந்தாள்ல கைநாட்ட மட்டும் வச்சுப் போட்டோம். என்ன வெசயம்னுதான் அவுகளுக்கு முன்னமே தெரியுமேன்னு. ஆறேழு மாசம் போட்டோம். ஒருத்தரும் வரல. அப்புறம் விட்டுட்டோம்."

டிரைவர் ஒரு நாள் வந்து சொன்னது குணசீலனுக்கு இப்போது மறுபடி கேட்டது. 'சார், பெட்டியில அழுக்குத் தாள்தான் கெடக்கு, சின்னப் பசங்க வேலபோல.' அன்று மேசையிலிருந்து தலையை நிமிர்த்தாமலே, 'குப்பையில போட்டுடுப்பா' என்றார். அந்த மாதத்துக் கட்டத்தில் பூஜ்யம் போட்டார். அடுத்த மாதமும் போட்டார். இந்தப் பாவத்தை எங்கே கொண்டுபோய்க் கழுவுவது என்று அவருக்குத் தெரியவில்லை. டீச்சர் ஏதாவது சொல்வார் என்று திரும்பிப் பார்த்தார். டீச்சர் தன் செருப்பில் ஒட்டிய உப்பைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"அம்மா" என்றார் குணசீலன். "அந்தக் காயிதம் எழுதினது நான்தான்."

பேச்சியம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தார். பட்டிருந்தால் தேவலை.

"அப்ப நாங்க வச்ச கைநாட்டும் ஒங்ககிட்டதான் வந்துச்சா?"

"வந்துச்சும்மா."

"பாத்தீங்களா?"

வேன் ஹாரன் அடித்தது. பேச்சியம்மா சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

குணசீலன் காருக்குப் பக்கத்தில் வந்து போனை எடுத்தார். அலுவலகத்தில் இருந்தவரிடம் திங்கட்கிழமை பயிற்சி தொடங்காது என்றார். அந்தப் பக்கம் ஏதோ பதறியது. "இல்லை, தள்ளி வைக்கலை. நிறுத்தியிருக்கேன். அறிக்கை வரைவுல உப்பளத்தைப் பத்தி ஒரு வரி இருக்கே, அது என் வரி. அது தப்பு. எப்படித் தப்பாச்சுன்னு எழுதி என் பேர்ல கையெழுத்துப் போட்டு இன்னைக்கே அமைச்சகத்துக்கு அனுப்பறேன். ஆமா, ரிட்டயர்மென்ட் நேரத்துலதான். தெரியும்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

பிறகு கேட்டார். "சந்தனமாரி எங்க இருக்கு டீச்சர்?"

"ரெண்டு பஸ் மாறிப் போகணும். எறால் உரிக்கிற எடத்துல."

"நாளைக்குப் போறேன்."

"கதவைத் தொறப்பாளான்னு சொல்ல முடியாது."

"நிக்கிறேன்."

சாலையில் உப்பு லாரி ஒன்று போனது.

"டீச்சர், உங்களுக்கு இது முன்னாடியே தெரியும், இல்லையா?"

"நிழல் அறிக்கைக்காகப் போன மாசம் வந்திருந்தேன். சொன்னாங்க. காயிதம் எழுதின ஆபீசர் பேரு அவங்களுக்குத் தெரியல. உங்க ஏழாம் கேள்வியப் பாத்ததும் எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

"ஏன் எங்கிட்டச் சொல்லலை?"

"மூணு தடவை சொன்னேனே சார். தப்புன்னு சொல்லிப் பூட்டிக்கிச்சு."

குணசீலன் தலை குனிந்தார். மாணவன் மாணவன்தான் என்பதுபோல, மெதுவாகக் கேட்டார்.

"அப்ப அந்தக் கேள்வியை எடுத்துடட்டுமா?"

"எடுத்தா, அவங்க போட்ட தாள் மாதிரி அதுவும் காணாமப் போயிடும்."

"சரி, இருக்கட்டும். நாலாவதையே சரியான விடைன்னு மாத்திடறேன். எழுத ஆள் இல்லை."

டீச்சர் கார்க் கதவைத் திறந்தவர், ஏறாமல் நின்றார்.

"இருந்த நாலுல அதுதான் கிட்டத்துல இருந்துச்சுன்னு அமுக்கினேன். அதுவும் தப்புதான்."

"எப்படி?"

"ஆறேழு மாசம் கைநாட்டாலயே எழுதிப் போட்டுக்கிட்டேதான இருந்திருக்காங்க. படிக்கத்தான் சார் ஆள் இல்லை."