சிறுத்தை கற்ற இனிய சொற்கள்

மூங்கில் அடர்ந்த ஒரு காட்டில் பொன்மூக்கி என்றொரு மைனா இருந்தது, குழந்தைகளே. சின்னக் குஞ்சாக இருக்கும்போதே ஒரு வேடன் அதைப் பிடித்துப் பட்டணத்தில் விற்றுவிட்டான். மூன்று ஆண்டுகள் கூண்டில் கிடந்து, மனிதர் பேச்சைக் கரைத்துக் குடித்துவிட்டு, ஒருநாள் கூண்டுக் கதவு திறந்திருந்த சமயம் பார்த்து அது காட்டுக்கே பறந்து வந்துவிட்டது.

வந்த பொன்மூக்கிக்குக் காட்டைப் பார்த்துச் சிரிப்பு வந்தது. ஆபத்து என்றால் குரங்கு 'கர்ர்' என்று உறுமியது. மான் குளம்பால் தரையைத் தட்டியது. முயல் காதை விறைத்துக்கொண்டது. அவ்வளவுதான் காட்டின் மொழி!

"இதுவும் ஒரு பேச்சா? மனிதரிடம் எத்தனை ஆயிரம் சொற்கள் தெரியுமா!" என்றது பொன்மூக்கி. அது சொன்னது யாருக்கும் புரியவில்லை. ஆகவே, அன்றே பாடம் நடத்தத் தொடங்கியது.

ஒரே மழைக்காலத்தில் காடு முழுவதும் பேசக் கற்றுக்கொண்டது.

"மனிதர் பேச்சில் இல்லாததைக்கூட இருப்பதாகச் சொல்லலாம்!" என்று பெருமை அடித்தது பொன்மூக்கி.

"இல்லாததை எதற்கு இருப்பதாகச் சொல்ல வேண்டும்?" என்று கேட்டது கருமுகன் என்ற குரங்கு.

"உன் மண்டைக்கு அது ஏறாது, போ!"

ஆனால் கடைசி வரிசையில் படுத்திருந்த ஒரு சிறுத்தையின் மண்டைக்கு அது நன்றாக ஏறியது. ஒரு நாள்கூடத் தவறாமல் வந்து படித்தது அது ஒன்றுதான்.

ஒரு காலை, மருளி என்ற மான் தன் குட்டியோடு ஓடையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. புதர் விலகியது. சிறுத்தை!

"பயப்படாதே, மகளே," என்றது சிறுத்தை குழைவாக. "நான் கறியை விட்டு ஆறு நாளாயிற்று. சத்தியமாக இப்போதெல்லாம் நெல்லிக்காய்தான். ஐயோ பாவம், உன் குட்டி நொண்டுகிறதே! முள்ளாகத்தான் இருக்கும். எடுத்துவிடட்டுமா?"

மருளியின் மூக்கு 'ஓடு' என்றது. ஆனால் 'மகளே' என்ற சொல் கேட்ட காது 'நில்' என்றது. மருளி நின்றது.

மேலே நாவல் மரத்தில் இருந்த பொன்மூக்கிக்குப் பூரிப்பு தாங்கவில்லை. 'அடடா, என்ன குழைவு! எல்லாம் நான் சொல்லிக்கொடுத்தது!'

அப்போதுதான் அது கவனித்தது. சிறுத்தையின் வயிறு தரையோடு தரையாகப் பதிந்திருந்தது. வால் நுனி மெல்லத் துடித்தது. வாய் நெல்லிக்காய் என்றது, வால் மான்கறி என்றது!

"மருளி, கொஞ்சம் கவனமாகக் கேள்! சிறுத்தை சொல்வதை நீ..." என்று தொடங்கியது பொன்மூக்கி.

"பார்த்தாயா மகளே, என் குருவே வந்துவிட்டார்! நான் எப்படிப்பட்டவன் என்று அவரையே கேள்," என்று குறுக்கே புகுந்தது சிறுத்தை.

மருளி தலையை நிமிர்த்தியது. "அக்கா, இவர் சொல்வது..."

சிறுத்தையின் பின்னங்கால்கள் மடங்கின. இனிப் பேச நேரமில்லை. பொன்மூக்கிக்குக் கற்ற சொற்கள் அத்தனையும் மறந்துபோயின. தொண்டை கிழிய ஒரு சத்தம் மட்டும் வந்தது.

"கிறீச்ச்ச்!"

மரத்துக்கு மரம் குரங்குகள் 'கர்ர்' என்றன. மருளி யோசிக்கவே இல்லை. கால்கள் தாமாகவே பாய்ந்தன. குட்டியும் நொண்டியபடியே துள்ளிப் புதருக்குள் மறைந்தது. பாய்ந்த சிறுத்தை பாசியில் வழுக்கி, ஓடைக்குள் தொப்பென்று விழுந்தது.

சொட்டச் சொட்ட நனைந்து கரையேறிய அது, அண்ணாந்து பார்த்துக் கேட்டது: "குருவே! என் பேச்சில் அப்படி என்ன பிழை கண்டீர்கள்?"

"ஒரு பிழையும் இல்லை," என்றது பொன்மூக்கி. "அதனால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது."

நீதி: சொல்லின் இனிமையில் மயங்காதே, சொல்பவரின் செயலைப் பார்.