நாற்காலி இருந்த இடம்

கோத்தகிரியில் வைத்தியலிங்கத்தின் பங்களாப் புல்வெளியை, புல் வெட்டும் நேரம் போக, அவர் ஒருவர்தான் மிதிக்கலாம். அவர் மனைவி கோமளத்துக்கு வாதத்தில் வலது கை தளர்ந்துவிட்டது. எதையாவது வீசிப் பழகச் சொன்னார் டாக்டர். தோட்டக்காரர் மாசிலாமணி பழைய தேயிலைப் பெட்டியை அறுத்து, முளைகள் அடித்த பலகையும், அவற்றில் மாட்டும்படி வீச மர வளையங்களும் செய்து கொண்டுவந்தார். முன்பு மாசிலாமணியின் மனைவியைப் பிரசவத்துக்குத் தானே கார் ஓட்டிக் கொண்டுபோனவர் கோமளம்.

"பலகையைத் தாராளமா இங்கே வை. ஆனா ஒரு புல் மடங்கினாலும் உனக்கு வேலை கிடையாது," என்றார் வைத்தியலிங்கம், புல்வெளி நடுவே நாற்காலியில் சாய்ந்தபடி.

"அளவெடுத்துத்தான் செஞ்சேன் ஐயா. கொஞ்சம் எழுந்திருங்க."

நாற்காலியை நகர்த்தினால், அடியில் சதுரமாக மொட்டைத் தரை. பலகை அதில் கச்சிதமாக உட்கார்ந்தது.

"அவ எங்கே நிப்பா?"

"நீங்க தினமும் நடந்து போட்ட தடத்துல. அங்கேயும் புல் இல்லீங்க."

கோமளம் சிரித்துக்கொண்டே வீசினார். வளையம் தள்ளிப்போய்ப் புல்லில் விழுந்தது.

"எடுடா!"

"நான் மிதிக்கக் கூடாதே ஐயா. நீங்க ஒருத்தர்தானே மிதிக்கலாம்."

வைத்தியலிங்கம் முனகிக்கொண்டே போய்க் குனிந்து எடுத்துவந்தார். அன்று பதினேழு முறை குனிந்தார்.

"போதும், மாசிலாமணி. கை வலிக்குது," என்றார் கோமளம்.

"அன்னிக்குக் கார் ஓட்டின கை அம்மா. இன்னும் ஒண்ணு வீசுங்க."