மாதுளை மரத்தை மொட்டையடித்த கதை

பாரசீகத்து நகரம் ஒன்றின் கடைவீதியில் பர்ரூக் கம்பளம் நெய்யக் கற்றுக்கொண்டிருந்தான். அவனுக்கு வயது ஐம்பத்திரண்டு. காலமெல்லாம் படையில் வாள் பிடித்த கை. கற்றுக்கொடுத்த மஹீனுக்கு முப்பத்தொன்றுதான். ஆனாலும் அவளை "உஸ்தாத்" என்றுதான் கூப்பிடுவான். குருவை அங்கே அப்படித்தான் அழைப்பார்கள்.

மஹீன் பொல்லாதவள். ஒரு முடிச்சு இடம் மாறினாலும் கொக்கி ஊசியைக் கையில் கொடுத்து, "பிரியுங்கள்" என்பாள். கம்பளத்தின் நடுவே ஒரு மாதுளை மரம் இருந்தது. அதன் இடது கிளையை மட்டும் பர்ரூக் நான்கு முறை தப்பாகக் கட்டி, நான்கு முறை பிரித்தான். மனசுக்குள் அவளைத் திட்டிக்கொண்டேதான் பிரித்தான்.

அது ஏதோ ஒரு மரம் இல்லை. நாரிஸ்தான் கிராமத்து வாய்க்கால் தலைப்பில் நின்ற மரம். ஆளுநர் தன் தோட்டத்துக்காக அந்த வாய்க்காலைத் திருப்பிக்கொண்டார். ஊர் காய்ந்தது. மரத்தையும் வெட்டிப் போட்டார்கள். பிழைக்க வழி தேடி நகரத்துக்கு வந்தவர்களில் மஹீனும் ஒருத்தி. அந்த ஊர்ப் பெண்கள் எல்லோரும் வந்து ஆளுக்கொரு வரிசை கட்டிக்கொடுத்தார்கள். நெய்து முடிக்க மூன்று வருஷம் ஆயிற்று. இப்போது அந்த மரம் உலகத்தில் வேறெங்கும் இல்லை.

கம்பளத்தைத் தறியிலிருந்து இறக்கிய மறுநாளே ஆளுநர் ஆட்களோடு வந்து நின்றார்.

"இது என்ன மரம்?"

"எங்கள் ஊர் மரம்," என்றாள் மஹீன்.

"அப்படி ஒரு ஊரே கிடையாது. கத்தரியை எடு. மரம் இருக்கும் இடத்தை மொட்டையடி. வெள்ளிக்கிழமை இதைக் கடைவீதி வாசலில் மாட்டு. ஒரு வருஷம் தொங்கட்டும், எல்லோரும் பார்க்கட்டும். யாரும் கழற்றக்கூடாது என்று தண்டோரா போடச் சொல்கிறேன்."

பர்ரூக்கின் கை தானாக இடுப்புக்குப் போயிற்று. அங்கே வாள் இல்லை, நூல் வெட்டும் கத்திதான் இருந்தது. அதுவே போதும் என்று நினைத்தான்.

"பர்ரூக், அந்தக் கத்தரியை எடுத்துக்கொடுங்கள்," என்றாள் மஹீன்.

அவளே உட்கார்ந்து வெட்டினாள். இலை போயிற்று, பழம் போயிற்று. அடியில் நெடுக ஓடும் வெள்ளைப் பாவு நூல் தெரியும்வரை ஒட்ட வழித்தாள். ஆளுநர் அந்த இடத்தைத் தடவிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்.

பர்ரூக் அவள் பக்கம் திரும்பினான்.

"பயந்துவிட்டீர்களா, உஸ்தாத்?"

"பயந்தேன்."

"முடியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே! அந்தப் பெண்கள் முகத்தில் எப்படி விழிப்பீர்கள்?"

அவள் தரையில் கிடந்த சிவப்புத் தூசைப் பெருக்கி ஒதுக்கினாள்.

"அந்த ஓரத்தைப் பிடியுங்கள்."

இருவரும் கம்பளத்தைப் புரட்டிப் போட்டார்கள்.

மரம் நின்றது. மேலே நீட்டிக்கொண்டிருந்த நுனிகள்தான் போயிருந்தன. பாவு நூலைச் சுற்றிக் கட்டிய முடிச்சுகள் பின்பக்கத்தில் அப்படியே இருந்தன, பழங்கள் உட்பட. பர்ரூக் கட்டிய இடது கிளை மட்டும் வலது கிளையாகி இருந்தது. அதைத் தொட்டபோது அவனுக்குக் கண் கலங்கியது.

"மாட்டச் சொன்னார்," என்றாள் மஹீன். "எந்தப் பக்கம் தெரிய வேண்டும் என்று சொல்லவில்லை."

பர்ரூக் சிரித்துவிட்டான். அடுத்த கணமே பழைய சிப்பாய் அவனுக்குள் விழித்துக்கொண்டான்.

"பார்த்ததும் திருப்பி மாட்டச் சொல்வார்."

"சொல்லட்டும். பின்னால் என்ன இருக்கிறது என்று அதற்குள் ஊருக்கே தெரிந்திருக்கும்."

"விட மாட்டார், உஸ்தாத். நூறு பேரை உட்கார வைத்து, முடிச்சு முடிச்சாகப் பிரிக்கச் சொல்வார்."

மஹீன் கத்தரியைத் துடைத்து ஆணியில் மாட்டினாள்.

"அந்த இடது கிளையை இப்போது கண்ணை மூடிக்கொண்டு கட்டுவீர்களா?"

"கட்டுவேன்."

"எப்படிப் பாடமாயிற்று?"

"பிரித்துப் பிரித்துத்தான்."

"அவர்களும் பிரிக்கட்டும்," என்றாள் மஹீன்.