பக்கத்து இலை

பசியோடு கேட்டாலும் பரவாயில்லை. விடையை மட்டும் அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள்.

செம்மணல் தேரிக்காட்டு ஓரத்தில் முந்திரிவிளை என்று ஓர் ஊர். ஊர் சின்னது, கிறிஸ்தவக் கோயில் பெரிது, கோயிலைவிடப் பெரிது அங்கே உள்ளவர்களின் ரோஷம். வருஷத்துக்கு ஒரு முறை கோயில் வளவில் அசனம் என்கிற பொது விருந்து நடக்கும். காரில் வந்தவரும் பனையிலிருந்து இறங்கி வந்தவரும் ஒரே பந்தியில் தரையில்தான் உட்கார வேண்டும். யாருக்காகவும் யாரும் இடம் பிடிக்கக் கூடாது. ஓர் இலை காலியாகக் கிடந்தாலும் கோயில் ஊழியரான உபதேசியார் ஜெபம் சொல்ல மாட்டார்; ஜெபம் முடியாமல் சோறு விழாது. பரிமாறுகிறவர்களுக்கு மட்டும் இலை கிடையாது. எல்லாரும் எழுந்த பிறகு அவர்கள் அண்டாவைச் சுற்றி உட்கார்ந்து, அடிக்குழம்பில் சோற்றைப் பிசைந்து, ஒருவருக்கொருவர் உருட்டிக் கொடுத்துச் சாப்பிடுவார்கள். சும்மா சொல்லக் கூடாது, ருசியே அதில்தான் இருக்கிறது.

நாலு வருஷத்துக்கு முன்பு குழம்பு வாளி மாசிலாமணியின் கையில் இருந்தது. மனைவி இயேசுவடியாளின் இலைக்கு வந்தபோது ஒரு கரண்டி விழ வேண்டிய இடத்தில் இரண்டு விழுந்துவிட்டது. கட்டின பெண்டாட்டியின் இலையில் கை கொஞ்சம் தாராளமாக விழுந்தால் அது மகா பாவமா? அவனுக்குப் பெரியப்பா முறையான சபை மூப்பர் தவசிமுத்துவுக்கு அப்படித்தான் பட்டது. "ஏல, கோயில் கறியை வீட்டுக்காரிக்கு அள்ளிப் போடுதியா?" என்று ஊர் பார்க்க வாளியைப் பிடுங்கிவிட்டார். மாசிலாமணி கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு நடந்தவன்தான். ஈரோட்டில் ஒரு மில்லில் போய்ச் சேர்ந்தான். அங்கே ஆண்கள் தங்குகிற அறைதான். மனைவியை அழைத்துக்கொள்ள வழியில்லை.

போனில் பேசும்போதெல்லாம் அவள் கேட்பாள்.

"எப்ப வருவீக? நீங்க இல்லாம சோறு எறங்க மாட்டேங்குது."

"வாளியைப் பிடுங்கினவரு என்னைக் கூப்பிடட்டும், வாரேன்."

அவள் போனை வைத்துவிடுவாள். இரண்டு பேருக்கும் உலை வைத்துப் பழகிய கை, ஒருத்திக்கு அளக்கும்போதும் இரண்டு பேருக்கான அரிசியை அள்ளிவிடும். அழுது முடித்த பிறகுதான் அடுப்பு பற்ற வைப்பாள்.

மூப்பருக்கு மட்டும் நிம்மதி இருந்ததா? அதுவும் இல்லை. "அவன் வருகிற வரை இந்த விருந்தில் நான் கை நனைப்பதில்லை" என்று ஆண்டவரிடம் பொருத்தனை பண்ணியிருந்தார். வருஷா வருஷம் அந்த வாளியைத் தூக்கிக்கொண்டு பரிமாறுவார். அண்டாவைச் சுற்றி மற்றவர்கள் உட்காரும்போது நழுவி, வீட்டுக்குப் போய்க் கஞ்சி குடிப்பார். ஒரு வார்த்தை கூப்பிட்டால் தீர்ந்தது. ஆனால் வயசில் சின்னவனிடம் இறங்கிப் போக வீம்பு விட்டால்தானே!

இயேசுவடியாள் ஒவ்வொரு விருந்திலும் தன் பக்கத்து இலையில் யாரையும் உட்கார விடுவதில்லை. பழைய உபதேசியார் பார்த்தும் பாராதவர்போல ஜெபம் சொல்லிவிடுவார். இந்த வருஷம் புதிதாக வந்திருந்தவர் சுவிசேஷமுத்து உபதேசியார். அன்று காலையில்தான், நம் ஆண்டவர் சீஷர்களின் காலைக் கழுவினார், நாம் இடத்துக்கு அடித்துக்கொள்கிறோம் என்று பிரசங்கம் பண்ணியிருந்தார்.

பந்தி நிறைந்தது. இலைக்கட்டும் தீர்ந்துபோனது. அந்த நேரம் பார்த்து, டயர் பஞ்சராகி நின்ற ஓர் உப்பு லாரியின் டிரைவர் பசியோடு வாசலில் வந்து நின்றார். உபதேசியார் அவரைக் கையோடு கூட்டி வந்தார்.

"அம்மா, இவரு இந்த இலையில இருக்கட்டும்."

"அவுக வருவாகய்யா."

"வரும்போது பாத்துக்கிடலாம். பசிச்சு வந்தவரை நிக்க வைக்கலாமா?"

இயேசுவடியாள் காலி இலையின் மேல் கையை வைத்தாள். பிறகு எழுந்தாள். டிரைவரைத் தன் இலையில் உட்கார வைத்துவிட்டு, காலி இலைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். பசித்தவனுக்கும் இடம் கொடுத்தாயிற்று, புருஷன் இடமும் போகவில்லை. ஆனால் ஓர் இலை காலிதானே! உபதேசியார் ஜெபம் சொல்ல மறுத்துவிட்டார். "சோறு ஆறுதுய்யா" என்று பந்தியில் முணுமுணுப்பு எழுந்தது.

அதைப் பார்த்துக்கொண்டு நிற்க மூப்பரால் முடியவில்லை. வாளியோடு அவளிடம் வந்தார்.

"அவனுக்குப் போனைப் போட்டுக் குடு, தாயி."

போட்டுக் கொடுத்தாள். மூப்பர் போனை வாங்கினார்.

"ஏல மாசிலா, பெரியப்பா பேசுதேன். நான் செஞ்சது தப்புதாம்ல. வந்துரு."

அந்தப் பக்கமிருந்து மாசிலாமணியின் குரல் கேட்டது.

"ஊருக்கு வெளிய பாலத்துலதான் நிக்கேன் பெரியப்பா. வருஷா வருஷம் இந்த நாளு இங்கனதான் வந்து நிப்பேன். குழம்பு வாசம் வரும். அங்கன ஜெபம் முடிஞ்ச பெறகு திரும்பிப் போயிருவேன்."

இயேசுவடியாள் வாயில் சேலையை வைத்து அழுத்திக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் மாசிலாமணி வந்து பந்தியின் முன்னால் நின்றான். இருப்பதோ ஓர் இலை. நிற்பவர்கள் மூன்று பேர். அவனுக்காகவே காத்துக் கிடந்த இலை அது. தன் இலையைப் பசித்தவனுக்குக் கொடுத்துவிட்டு நிற்கிறாள் அவள். அவன் வந்துவிட்டான் என்பதால், பொருத்தனை தீர்ந்து கை நனைக்க வேண்டியவர் மூப்பர்.

சொல்லுங்கள் பார்ப்போம்: மூவரில் யார் அந்த இலையில் உட்காருவது சரி? மற்ற இரண்டு பேரும் எங்கே சாப்பிடுவார்கள்?

விடை இது. மாசிலாமணி வாளிக்காகக் கையை நீட்டினான். மூப்பர் தாமாகவே கொடுத்தார். "நீங்க உக்காருங்க பெரியப்பா" என்று அவரை அந்த இலையில் உட்கார வைத்தான். பரிமாறுகிறவர்களுக்குத்தான் இலையே வேண்டாமே! இயேசுவடியாள் சோற்றுக் கூடையை எடுத்துக்கொண்டாள். உபதேசியார் ஜெபம் சொன்னார். மூப்பர் இலைக்கு வந்தபோது மாசிலாமணி ஒரு கரண்டி ஊற்றி, இன்னொரு கரண்டியும் ஊற்றினான். "ஒண்ணு போதும்ல" என்று கண்ணைத் துடைத்தார் அவர். "கணக்குப் பாக்காதீக, சாப்பிடுங்க" என்றான் அவன். எல்லாரும் எழுந்து போன பிறகு புருஷனும் பெண்டாட்டியும் அண்டாவருகே பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அவன் முதல் உருண்டையை உருட்டி அவள் கையில் வைத்தான். அன்றைக்குத்தான் அவளுக்குச் சோறு இறங்கியது.